நடுவில் விட்ட இடம்

இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறுகிற பாதையோரத்தில் என் தேத்தண்ணிக் கடை இருக்கிறது. பனிமூட்டத்தில் படம் எடுக்க வருகிறவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு முதலில் என்னிடம்தான் வருவார்கள். இஞ்சி போட்ட பிளேன்டியைக் கையில் வாங்கியதும், இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். மலை இருக்கிறது, காற்று இருக்கிறது, கண் இருந்தால் பாருங்கள் என்று முன்பெல்லாம் சொல்லி அனுப்புவேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊரில் பேர். இப்போது அவர்களே போனைப் பார்த்துவிட்டு, பழைய பேக்கரி ஒன்று இருக்கிறதாமே, எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். கையை நீட்டிக் காட்டுகிறேன். கூடப் போவதில்லை.

நாங்கள் அதைப் பாண் மடுவம் என்போம். தோட்டத்தில் கொட்டகைக்கு மடுவம் என்றுதான் பேர். கொழுந்து நிறுக்கிற இடம் கொழுந்து மடுவம், பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற இடம் பிள்ளை மடுவம். பாண் சுட்ட இடம் பாண் மடுவம். தேயிலைக்கு முன்னால், கோப்பிக் காலத்தில் கட்டியது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். துரைமார் மாடும் கோழியும் வளர்த்துப் பண்ணை நடத்திய மூலை அது. பங்களாவுக்குப் பால் மாட்டுப் பட்டியிலிருந்து போகும், பாண் இங்கிருந்து போகும். எனக்கு நினைவு தெரிந்தபோதே கூரை கிடையாது. கருங்கல் சுவர் மூன்று பக்கம் நின்றது, நாலாவது பக்கம் சரிந்து மண்ணோடு மண்ணாகிவிட்டது. சுவரை ஒட்டிச் செங்கல்லில் வளைத்துக் கட்டிய, பாண் சுடுகிற போறணை மட்டும் முழுசாக இருந்தது. அதன் வாய் வழியாக ஒரு ஆள் தவழ்ந்து உள்ளே போகலாம். உள்ளே சதுரச் செங்கல் பாவிய தரை. மழை என்னதான் கொட்டினாலும் அந்தத் தரை மட்டும் நனையாது. அதற்காகத்தான் அப்பா அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்.

அப்பாவுக்குப் பட்டியில் மாடு பார்க்கிற வேலை. அதனால் எங்கள் வீடு வரிசையாகக் கட்டிய லயத்தில் இல்லாமல் பட்டிக்குப் பக்கத்தில் தனியாக இருந்தது. எனக்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு ஆண் பிள்ளை பிறந்தான். நாள் நிறையாமல், அடைமழைக்குள் பிறந்துவிட்டான். நான் அப்போது சின்னப் பிள்ளை. எனக்கு நினைவில் இருப்பது தகரத்தில் மழை அடித்த சத்தமும், அடுப்பைச் சுற்றிப் பெண்கள் நெருங்கி உட்கார்ந்திருந்ததும், மருத்துவச்சி சீலைத் துண்டைத் தணலில் காட்டிக் காட்டிப் பிள்ளையைச் சுற்றியதும்தான். அவன் அழவில்லை. பூனைக்குட்டி மாதிரி முனகினான்.

நாங்கள் வேதக்காரர்கள். பிள்ளை பிழைக்காது என்று மருத்துவச்சி சொன்னதும் ஞானஸ்நானம் கொடுக்க உபதேசியாரைக் கூட்டிவர அப்பா கீழே ஓடினார். சாமியார் மாதத்தில் ஒரு தடவைதான் தோட்டத்துக்கு வருவார். மற்ற நாளில் கோயில் காரியம் எல்லாம் உபதேசியார் பொறுப்பு. வழியில் மண் சரிந்து பாதை மூடிக் கிடந்தது. இரண்டு பேரும் காட்டைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது பிள்ளை அடங்கிப்போயிருந்தான்.

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையை மந்திரித்த கல்லறை மண்ணில் வைக்க முடியாது என்று அன்றைக்கு எல்லாரும் நம்பினார்கள். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஒருத்தரும் சாமியாரைக் கேட்கவும் இல்லை. உபதேசியார் குடையை விரித்துக்கொண்டு திரும்பிப் போனார். அப்பா வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டினார், தண்ணீர் ஊறியது. மேட்டில் போய் வெட்டினார், அங்கேயும் ஊறியது. குளிரில் செத்த பிள்ளையைத் தண்ணீரில் போட மாட்டேன் என்று மண்வெட்டியை வீசிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாண் மடுவத்துக்குப் போனார். போறணைக்குள் தவழ்ந்து போய், தரையில் சில கற்களைப் பெயர்த்து, அதற்கடியில் அவனை வைத்து மூடி, செம்மண்ணைக் குழைத்துக் கற்களைத் திரும்பப் பதித்துவிட்டு வந்தார். அம்மா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம், அங்கே ஈரமா என்று. காய்ந்து கிடக்கிறது என்றாராம்.

அதோடு முடிந்திருந்தால் காலம் ஆற்றியிருக்கும். சில வருஷம் கழித்து ஒரு புதுச் சாமியார் பூசைக்கு வந்தார். பிரசங்கத்தில், ஆபத்து நேரத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், தலையில் தண்ணீர் ஊற்றி வசனத்தைச் சொன்னால் போதும், ஊற்றுகிறவர் வேதக்காரராகக்கூட இருக்க வேண்டியதில்லை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். எல்லாரும் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். அம்மா மட்டும் எழுந்து வெளியே போனாள். வயிற்றுக்கு முடியவில்லையோ என்று நான் பின்னால் ஓடினேன். கோயில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

“அடுப்புல சுடுதண்ணி இருந்திச்சு புள்ள,” என்றாள். “பானை நெறைய இருந்திச்சு.”

அன்றைக்கு எனக்கு முழுசாக விளங்கவில்லை. வளர்ந்து விளங்கியபோது கோபம்தான் வந்தது. யார் மேல் கோபப்படுவது? சொல்லித் தராத சாமியார்மார் மேலா, மழை மேலா, கேட்கத் தெரியாத எங்கள் சனத்தின் மேலா? அந்தக் கோபத்துக்கு இன்னும் எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே எண்ணம். பிள்ளையை எடுத்துக் கல்லறையில் வைக்க வேண்டும். அந்தச் சாமியாரிடமே போய்க் கேட்டாள். அவர் அழாத குறையாக, தாராளமாக வையுங்கள் அம்மா, நானே வந்து செபிக்கிறேன் என்றார். ஆனால் அப்பா சம்மதிக்கவில்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே என்பார். அவருக்கு அதற்கு மேல் பேச வராது. அம்மா பேசுவாள், அவர் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். ஆயுசுக்கும் அவர்கள் போட்ட சண்டை இது ஒன்றுதான். கறியில் உப்புக் கூடியதற்குக்கூட அப்பா முகம் சுளித்ததில்லை.

வருஷா வருஷம் கல்லறைத் திருநாளில் ஊர்ச்சனமெல்லாம் புல் செதுக்கி, சிலுவைக்கு வெள்ளை அடித்து, மெழுகுதிரி கொளுத்தும். நாங்களும் கொளுத்துவோம். பிறகு அம்மா ஒரு மெழுகுதிரியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பாண் மடுவத்துக்கு ஏறுவாள். போறணை வாயில் அதை ஏற்றிவைத்து, காற்றுக்கு அணையாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு, அது எரிந்து முடியும்வரை இருப்பாள். அப்பா சற்றுத் தள்ளி நின்று பீடி பிடிப்பார். திரும்பும்போது இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வருவார்கள்.

அப்பா போனபோது குழி வெட்டியவர் அம்மாவுக்குத் தம்பி முறை, எனக்கு மாமா. எங்கள் கல்லறையில் யாருக்கு எது இடம் என்பது அவர் தலைக்குள்தான் இருக்கிறது. அப்பாவின் குழிக்குப் பக்கத்தில் தன் இடத்தை அம்மா காலால் கீறிக் காட்டினாள். ஒட்டிக் காட்டவில்லை. நடுவில் ஒரு முழத்துக்கு மேல் விட்டுக் காட்டினாள். மாமாவுக்கு அந்த நேரத்திலும் கேலி.

“என்னாக்கா, செத்தப் பொறகும் மச்சான ஒட்டிப் படுக்க மாட்டியா?”

புருசன் பெண்டாட்டி கோபம் மண்ணுக்குள்ளும் போகிறது என்று ஊர் சிரித்தது. எனக்குத் தெரியும், அந்த இடம் பிள்ளைக்கு. அப்பா இனி வேண்டாம் என்று சொல்ல முடியாது என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் அப்பாவின் கல்லறையோடு அந்த வெறும் இடத்தையும் சேர்த்துப் புல் பிடுங்குவாள். மாமாவைக் கண்டால், நடுவுல இடம் விட மறந்துறாதடா என்பாள். மறக்க மாட்டேங்க்கா என்பார். அவருக்கே அது ஒரு செபம் மாதிரி ஆகிவிட்டது.

இடத்தை வைத்துக்கொண்டு எடுக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் சொன்னேன், ஆனால் யார் எடுப்பது? கற்களைப் பெயர்க்க ஆள் கூட்டினால் ஊருக்கு விஷயம் தெரியும். எலும்பு என்று யாராவது வாயைத் திறந்தால் பொலிசு வரும். தோட்டத்துக்குக் கொம்பனி மாறி மாறி வந்தது, ஒவ்வொரு கொம்பனியும் பாண் மடுவத்துப் பக்கம் போகாதே என்றது. தள்ளிப் போட்டுப் போட்டே அம்மாவுக்கு முதுகு வளைந்துவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற அரசாங்க ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைமை ஒரு சிங்களப் பிள்ளை, கண்டிப் பக்கம். வயசு முப்பதுக்குள்தான் இருக்கும். எல்லாரும் மிஸ் என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். வந்த அன்றைக்கே எனக்கும் அவளுக்கும் முட்டிக்கொண்டது. பாண் மடுவத்துக் கல்சுவரில் வெயில் நன்றாக அடிக்கும், அதன் மேல் நான் மிளகு காயப் போட்டிருந்தேன். எடுங்கள் என்றாள். உங்கள் அப்பன் கட்டின சுவரா என்று நல்ல சிங்களத்திலேயே கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நாள் காலையில் கடைக்கு வந்து, சண்டைக்கார அக்கா, ஒரு தேத்தண்ணி என்று பெஞ்சில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவளுடைய ஆட்களுக்கெல்லாம் பகல் சாப்பாடு என் கடையில்தான்.

நான் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பிளந்துகொண்டு போயிருந்த இத்தி மரத்து வேரைக் கிழங்கு தோண்டுவது போல மெதுவாக எடுத்தார்கள். விழுந்த கற்களை எங்கேயிருந்து விழுந்தது என்று பார்த்துப் பார்த்து ஏற்றினார்கள். சீமெந்தைக் கிட்டவே கொண்டுவர விடவில்லை. சீமெந்து தண்ணீரை உள்ளே பிடித்துவைத்துச் சுவரைக் கொல்லும், சுண்ணாம்பு மூச்சு விடும் என்று மிஸ் எனக்கு விளக்கினாள். எங்கள் சனம் இருந்த லயத்துச் சுவருக்கும் இப்படி ஒருத்தர் மூச்சுப் பார்த்திருந்தால் பாதிப் பேருக்கு இளைப்பு வந்திருக்காது என்றேன். அதற்கு அவள் தலையை ஆட்டினாள். நல்ல பிள்ளை.

ஒரு நாள் சாப்பிடும்போது அவள் முகம் மலர்ந்திருந்தது. போறணைத் தரையைத் துடைத்துப் பார்த்தார்களாம். எல்லாக் கல்லும் சுண்ணாம்பில் பதித்திருக்க, ஒரு மூலையில் மட்டும் சில கற்கள் செம்மண்ணில் பதித்திருக்கின்றனவாம். யாரோ பிறகு ரிப்பேர் பண்ணியிருக்கிறார்கள் என்றாள். அந்தக் கற்களை எடுத்தால் அடியில் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம், நாளைக்கோ மறுநாளோ எடுக்கப் போகிறோம் என்றாள்.

பரிமாறிக்கொண்டிருந்த அகப்பையைச் சோற்றுப் பானைக்குள்ளேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொன்னேன். அவள் பதறுவாள் என்று நினைத்தேன். கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, முகத்தைக் கழுவி, கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சீலையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அந்த முகத்தை அவ்வளவு வெளிச்சமாக நான் பார்த்ததில்லை.

“அவங்களே எடுக்குறாங்களே,” என்றாள். “நாம கேட்டாப் போதுந்தானே?”

எனக்குத்தான் பயம். பொலிசு வரும், ஊர் கூடும், அம்மாவை இந்த வயசில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். போகும் வழியெல்லாம் சொன்னேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏற்றத்தில் என் கையைப் பிடிக்காமலே ஏறினாள்.

மிஸ் வேலையாட்களைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிட்டு எங்களோடு போறணைக்கு முன்னால் கல்லில் உட்கார்ந்தாள். அம்மாவுக்குச் சந்தைச் சிங்களம் வரும். மிச்சத்தை நான் சொன்னேன். பிள்ளை பிறந்தது, மழை, உபதேசியார், குழியில் ஊறிய தண்ணீர், செம்மண். அம்மா எதையும் விடவில்லை. அடுப்பில் இருந்த சுடுதண்ணீரையும் சொன்னாள். எடுத்துத் தந்தால் கல்லறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன், இடம் இருக்கிறது, சாமியார் சம்மதித்தாயிற்று என்று முடித்தாள்.

மிஸ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். பொய் சொல்ல மாட்டேன் அம்மா என்றுதான் தொடங்கினாள். இது அரசாங்கம் பாதுகாக்கிற இடம். இங்கே மனித எலும்பு வந்தால் அவள் மேலே சொல்லியாக வேண்டும். பொலிசு வரும், நீதவான் வருவார், எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கொழும்புக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோவார்கள். திருப்பித் தருவார்களா, எப்போது தருவார்கள் என்று அவளால் சொல்ல முடியாது. அவ்வளவு சின்னப் பிள்ளையின் எலும்பு இந்த மண்ணில் மிஞ்சியிருக்குமா என்பதும் தெரியாது. எடுக்க வேண்டாம் என்றால் அந்தக் கற்களை அவள் தொட மாட்டாள், ஒருத்தரையும் தொட விடவும் மாட்டாள். அம்மா எது சொன்னாலும் அப்படியே செய்வதாகச் சொன்னாள்.

அம்மா யோசித்தாள்.

“பொட்டியில அவனுக்கு என்னா பேரு எழுதுவீங்க?” என்று கேட்டாள் அம்மா.

நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். மிஸ் தயங்கினாள். பேர் எழுத மாட்டார்கள், ஒரு நம்பர் போடுவார்கள் என்றாள்.

அம்மாவுக்கு அது புரிந்துவிட்டது, நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. ஞானஸ்நானம் இல்லாததால் அவனுக்குப் பேரும் இல்லை. இத்தனை வருஷமும் எங்களுக்கு அவன் வெறும் பிள்ளைதான். அம்மா எழுந்து போறணை வாய்க்குப் போனாள். உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது. போய்ப் பிடிக்கலாமா என்று எழுந்தேன், மிஸ் என் கையைப் பிடித்து உட்கார்த்திவிட்டாள்.

“இருக்கட்டும்,” என்று அம்மா திரும்பி வந்தாள். “அவங்கப்பா வச்ச எடத்துலயே இருக்கட்டும். காய்ஞ்சுதான் கெடக்கு.”

மிஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கற்களை எடுக்கவில்லை. ஆனால் கல்லுக்குக் கல் இடையிலிருந்த செம்மண் பொடிந்துபோயிருந்தது, அதைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு வைக்காவிட்டால் கற்கள் ஆடும் என்றாள். அந்த மூலையை மட்டும் வேறு ஒருத்தரிடமும் விடவில்லை. சின்னக் கரண்டியும் தூரிகையும் எடுத்துக்கொண்டு அவளே போறணைக்குள் தவழ்ந்து போனாள். அம்மா தினமும் போய் வாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து சுரண்டுகிற சத்தம் வரும், கொஞ்சம் நிற்கும், திரும்ப வரும். வேலை முடிந்ததும் மிஸ் தலைமுடியெல்லாம் தூசியாக வெளியே வந்து, ஒரு பிஸ்கட் டின்னை அம்மாவிடம் கொடுத்தாள். சுரண்டிய மண் அத்தனையும் அதற்குள் இருந்தது. இதை நான் கொட்ட மாட்டேன் என்றாள்.

அம்மா டின்னைத் திறந்து ஒரு கட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். அது பிள்ளையில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இது ஒங்கப்பா கொழச்ச மண்ணு என்று என்னிடம் சொன்னாள். டின் அவள் கட்டிலுக்கடியில் போனது.

வேலை முடிந்து அவர்கள் போய்விட்டார்கள். பாண் மடுவத்தைச் சுற்றி இரும்பு வேலி வந்தது, மூன்று பாஷையில் ஒரு பலகை வந்தது. பங்களாவுக்குப் பாண் சுட்டது, கோழிக்கும் மாட்டுக்கும் எங்கே இடம் இருந்தது என்றெல்லாம் அதில் இருக்கிறது. நெருப்பு மூட்டக் கூடாது என்றும் இருக்கிறது, புகை பட்டால் சுண்ணாம்பு கெட்டுவிடுமாம். அது நியாயம்தான். அந்த வருஷக் கல்லறைத் திருநாளில் அம்மா மெழுகுதிரியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வேலிவரை போனாள். கொளுத்தாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தாள். படம் எடுக்க வந்த பிள்ளைகள், பாட்டி கொஞ்சம் தள்ளுங்க என்றார்கள். அம்மா தள்ளி நின்றாள். அவர்களை நான் திட்டிய திட்டு இரத்தோட்டைவரை கேட்டிருக்கும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் சோறு சாப்பிடவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

“நடுவுல எடம் விட வேணாம் புள்ள. என்னைய அந்தாள ஒட்டியே வச்சிரு. அந்த மண்ண எங் கையில குடுத்துரு.”

இப்போது என்ன அவசரம் என்று அதட்டினேன். மாமாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். மாமா அப்போது மாத்தளையில் மகள் வீட்டில் இருந்தார். வந்ததும் சொல்கிறேன் என்று வைத்திருந்தாள். அவர் திரும்பி வந்தது மழை பிடித்த பிறகு. அதற்குள் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. இரத்தோட்டை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம், நாலைந்து நாளில் போய்விட்டாள். கடைசியில் பேச்சில்லை, என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டியது நான். அந்த வெள்ளைச் சீலையைக் கட்டிவிட்டதும் நான்தான். டின்னிலிருந்த மண்ணை அப்பாவின் பழைய லேஞ்சித் துணியில் முடிந்து இரண்டு கைக்கும் நடுவில் வைத்தேன். அது விழாமல் மேலே செபமாலையைச் சுற்றினேன். என்ன அது என்று கேட்டவர்களுக்கு அவள் கேட்டது என்றேன். பெட்டியை மூடி ஆணி அடித்து, கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை முடித்து, மழையோடு மழையாகக் கல்லறைக்கு ஏறினோம்.

மாமா குழியை வெட்டி, தண்ணீரை வாளியால் இறைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவை இருக்கவில்லை. அக்காவின் இடம் எது என்று அவருக்குத் தெரியும். வருஷா வருஷம் கேட்டது. அப்பாவின் கல்லறைக்கும் குழிக்கும் நடுவில் ஒரு முழத்துக்கு மேல் இடத்தைச் சுத்தமாக, ஒரு புல் அழியாமல் விட்டு வெட்டியிருந்தார். என்னைக் கண்டதும் நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“பாத்தியா, மறக்கலே. ஒங்கம்மா சொன்ன மாதிரியே விட்டிருக்கேன்.”

அம்மா கடைசியாகக் கேட்டதை, அந்த அலைச்சலில் அவருக்குச் சொல்லாமல் விட்டது நான்தான். பெட்டியைத் தூக்கியவர்கள் சேற்றில் கால் வழுக்க நின்றுகொண்டிருந்தார்கள். சாமியார் புத்தகத்தைக் குடைக்குள் பிடித்துக்கொண்டிருந்தார். மேல் பக்கத்து மண் சரசரவென்று சரிந்துகொண்டிருந்தது. அம்மாவின் கையிலிருந்து அந்த முடிச்சை எடுத்து நடுவில் வைக்கலாமென்றால் பெட்டியில் ஆணி அடித்தாயிற்று. எனக்கு வாய் திறந்தது. கோபக்காரி என்று பேர் எடுத்தவள், சேற்றில் நின்ற அந்தக் கிழவனின் முகத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்ல முடியவில்லை. நல்லது மாமா என்றேன். அம்மாவை இறக்கினார்கள்.

இந்த வருஷக் கல்லறைத் திருநாளில் அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று கொளுத்தினேன். பிறகு குனிந்து நடுவிலிருந்த வெறும் இடத்தில் புல் பிடுங்கினேன்.